விருதுக்குக் கேட்ட பதினொரு பெயர்கள்

எனக்கு அந்த விருது கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு, "ச்சே, கிடைச்சிருக்கலாமே" என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். உச்சுக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் அரசியல் அறிவியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். "அரசியல் அறிவியலா? எந்தக் கட்சியில சேரப் போற?" என்று என்னைக் கேட்காதவர்கள் விருத்தாசலத்திலேயே குறைவு. அப்பா ரயில்வே ஜங்ஷனில் பார்சல் ஏற்றி இறக்கினார். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை, அவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். அம்மாவுக்குத்தான் வேலை. அம்மா ஒரு பீங்கான் கம்பெனியில் பிசிர் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிசிர் எடுப்பதென்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பியூஸ் கட்டையை ஈர மண்ணில் அச்சு அழுத்தி எடுக்கும்போது ஓரங்களில் மண் பிதுங்கி நிற்கும். அதைத் தகட்டால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாகக் காயவைக்க வேண்டும். பிறகு அது சூளைக்குப் போகும். அம்மாவோடு சேர்த்துப் பதினொரு பெண்கள் அந்த வேலையில் இருந்தார்கள். எது யார் கைவேலை என்று தெரிவதற்காக ஒவ்வொருத்தியும் கட்டையின் அடியில் நகத்தாலோ கொண்டை ஊசியாலோ ஒரு கீறல் போடுவாள். ஒருத்திக்குப் பெருக்கல் குறி. ஒருத்திக்குப் பிறை. கட்டைவிரல் நகத்தை அழுத்தினாலே பிறை வந்துவிடும், நேரம் மிச்சம் என்பாள் அவள். அம்மாவுடையது இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி.

இந்தக் கீறலை வைத்து அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஓட்டுப் போட்டார்கள்.

சூளையின் சூடான பக்கத்தில் இந்த வாரம் யார் நிற்பது, மொதலாளியிடம் பேச யார் போவது என்று ஏதாவது ஒரு விஷயத்தில் பேச்சு முடியாமல் இழுத்தால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பலகைகளை எதிரெதிரே போடுவார்கள். வலது பலகை ‘சரி’. இடது பலகை ‘வேண்டாம்’. சுண்டைக்காய் அளவு ஈர மண்ணை உருட்டி, அதில் தன் கீறலைப் போட்டு, ஏதாவது ஒரு பலகையில் வைக்க வேண்டும். யார் வூட்டு விஷயமோ அவள் மட்டும் வைக்கக் கூடாது, ஒதுங்கி நிற்க வேண்டும். எண்ணி முடித்ததும் தோற்ற பலகையில் யார் கீறல் இருக்கிறது என்று பார்த்து, "ஏண்டி வேணாங்குற?" என்று கேட்பார்கள். அவள் சொல்லும் காரணம் நியாயமாக இருந்தால், ஜெயித்தவர்கள் அதற்கொரு வழி செய்தே ஆக வேண்டும். அப்புறம் உருண்டைகளை அள்ளி மண் ஊறும் தொட்டியில் போட்டுவிடுவார்கள். மறுநாள் அவையும் பியூஸ் கட்டையாகிவிடும்.

இதைத்தான் நான் ஆய்வேடாக எழுதினேன். என் வழிகாட்டி ஆசிரியர் முதலில் தலையைச் சொறிந்தார். "இது ரகசிய வாக்கெடுப்பு இல்லியேம்மா. யார் எதுல வச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியுது. அப்பறம் இது எப்படி ஜனநாயகம்?" நான் போய் அந்தப் பெண்களிடமே கேட்டேன். பெருக்கல் குறி அக்காவுக்குக் குரல் கொஞ்சம் உசத்தி. "கைய ஒளிச்சிக்கிட்டுப் போட்டா, ஏண்டி வேணாங்குறன்னு யாரப் போயிக் கேக்கறது?" என்றாள். நான்காம் இயலை அந்த வரியோடுதான் ஆரம்பித்தேன்.

நான்காம் இயல்தான் என் ஆய்வேட்டின் உயிர். ஒரு மழைக்காலத்தில் சூளையை அவசர அவசரமாகச் சூடேற்றியதில் கட்டைகள் விரிசல் விட்டன. மேஸ்திரி உடைந்த கட்டைகளைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "பாரு, உன் கீறலு இருக்குது, நீதான் ஒழுங்கா எடுக்கல" என்று ஒவ்வொருத்தியாகப் பிடித்துத் திட்டினான். அன்று மதியம் உருண்டை வைத்தார்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் ஒருத்தியும் கீறவில்லை. எல்லாக் கட்டையும் மொட்டையாகப் போய் மொட்டையாக வந்தன. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மேஸ்திரி திண்டாடினான். வேறு வழியில்லாமல், விரிசல் விட்டவை சூளையில் எங்கே இருந்தவை என்று பார்த்தார்கள். எல்லாம் ஒரே மூலை, நெருப்புக்கு மிகப் பக்கம். அதற்குப் பிறகு மேஸ்திரி அவர்கள் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆய்வேட்டில் அவர்கள் பெயர்களை நான் போடவில்லை. கீறல்களைத்தான் போட்டேன். பேர் போட வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள், மொதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று நானும் பயந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங் சென்டரில் இருந்தவர், "இந்த மாதிரி எழுத்தெல்லாம் கம்ப்யூட்டர்ல இல்லீங்க" என்று கையை விரித்துவிட்டார். கீறல் வரும் இடத்திலெல்லாம் இடைவெளி விட்டு அச்செடுத்து வாங்கி, நான்கு பிரதியிலும் கறுப்புப் பேனாவால் நானே உட்கார்ந்து வரைந்தேன். அம்மாவின் கீறலை வரையும்போது மட்டும் புள்ளி கொஞ்சம் பெரிதாக விழுந்துவிடும்.

அரசியல் அறிவியல் ஆசிரியர்கள் சங்கம் ஒன்று வருடா வருடம் சிறந்த ஆய்வேட்டுக்கு விருது கொடுத்துவந்தது. மெடல், சான்றிதழ் எல்லாம் உண்டு. எனக்கு அவற்றைவிட மூன்றாவதாக ஒன்றின் மேல்தான் கண். விருது வாங்கிய ஆய்வேட்டை அவர்களே புத்தகமாகப் போட்டு ஊர் ஊராய்க் கல்லூரி நூலகங்களுக்கு அனுப்புவார்கள். பியூஸ் கட்டையில் பிசிர் எடுக்கிற பதினொரு பெண்கள் தங்களைத் தாங்களே எப்படி ஆண்டுகொள்கிறார்கள் என்பதை, பாராளுமன்றம் பற்றிய புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பிள்ளை படிக்க வேண்டும். அந்த ஆசை எனக்குப் பேயாகப் பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. மூன்று நடுவர்களும் என் ஆய்வேட்டையே முதலிடத்துக்குச் சொல்லியிருப்பதாக முதல் பத்தியில் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் பத்தி ‘எனினும்’ என்று ஆரம்பித்தது. தகவல் தந்தவர்களைக் கீறல்களால் குறிப்பிடுவது ஆய்வு நெறி ஆகாது. பதினொரு பேரின் பெயரும் பணியிடமும் கொண்ட பட்டியலை, தக்கவரின் சான்றொப்பத்தோடு பதினைந்து நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் விருதுக்குக் கருத இயலாது.

நேராக வழிகாட்டி ஆசிரியரிடம் ஓடினேன். அவர் கடிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏதாவது பதினோரு பேரு எழுதிக் குடுத்துரும்மா."

"ஏதாவதுன்னா, சார்?"

"ஏதாவது பேருதான். யாரு விருத்தாசலத்துக்கு வந்து ஊடு ஊடாத் தேடப் போறாங்க? சான்றொப்பம் நான் போட்டுடறேன்."

அவர் கெட்டவர் இல்லை. என் ஆய்வேட்டில் கால்புள்ளி கூட விடாமல் திருத்தியவர். ஆனால் அந்த நிமிடம் எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. உண்மையான பெண்கள் கீறலாக இருந்தால் அது ஆய்வு இல்லையாம். இல்லாத பெண்களுக்குப் பேர் வைத்து முத்திரை குத்தினால் அது ஆய்வாம். நல்லா இருக்குதுடா உங்க அறிவியல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே சொன்னது "யோசிக்கறேங்க சார்" மட்டும்தான்.

யோசிக்கவெல்லாம் இல்லை. எனக்கு மூக்கின் மேல் கோபம், கையில் பேனா. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினேன். ‘பெயரை வெளியிட மாட்டேன் என்று அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு மெடலுக்காக அதை மீற எனக்குத் தெரியாது. உங்கள் விருதை உங்கள் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.’ அந்தக் கடைசி வரியை எனக்கு நானே மூன்று முறை படித்துக் காட்டிக்கொண்டேன். அவ்வளவு பிடித்திருந்தது. திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, பாலக்கரை வரை நடந்துபோய் டீ குடித்தேன். ஊரே என்னைத் திரும்பிப் பார்ப்பதாக ஒரு நினைப்பு.

அன்று மாலை அம்மா வந்து, முற்றத்தில் குந்தி நகக்கண்ணில் அடைத்திருந்த மண்ணைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள். கடிதம் வந்ததையும் நான் பதில் எழுதியதையும் சொன்னேன். கடைசி வரியைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை, எங்கள் வூட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு "சபாஷ்" வரும் என்று நினைத்தேன்.

"யாரக் கேட்டுட்டு எழுதுன?"

"உங்களுக்காகத்தாம்மா..."

"எங்களுக்காகன்னா எங்கள இல்ல மொதல்ல கேக்கணும்? கேட்டியா?"

"பேரு போடாதன்னு நீங்கதான சொன்னீங்க?"

"யாரு சொன்னா? நான் சொன்னேனா?"

யார் சொன்னது என்று யோசித்துப் பார்த்தேன். பிறை அக்கா சொன்னாள். மண் தொட்டி ஓரமாக என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எம் பேரு மட்டும் போட்டுடாதடி" என்று சொன்னாள். ‘மட்டும்’ என்றுதான் சொல்லியிருந்தாள். மற்ற பத்துப் பேரில் யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. ஒருத்தி சொன்னதைப் பதினொரு பேர் சொன்னதாக ஆய்வேட்டில் எழுதி வைத்திருந்தேன். ஓட்டைப் பற்றி ஆய்வு செய்தவள், ஒரு ஓட்டைப் பதினொன்றாக எண்ணியிருந்தேன். மூன்று நடுவர்கள் படித்தார்கள், ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. அம்மா ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள்.

அவமானம் என்றால் அதுதான் அவமானம்.

"நாளைக்கு மத்தியானம் கம்பெனிக்கு வா. வந்து அவங்ககிட்டயே சொல்லு" என்றாள் அம்மா.

போனேன். மண் கொட்டிக் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் எல்லோரும் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். நின்றபடியே முழுக்கச் சொன்னேன். முடித்ததும் பெருக்கல் குறி அக்கா கையைக் கழுவிவிட்டு எழுந்தாள்.

"ஏண்டி, எங்க மொதலாளிக்கு எங்களத் தெரியாதுன்னா நெனச்ச? அந்த ஒரு வாரம் கீறாம வுட்டமே, அவரே எறங்கி வந்து ‘கீறுங்கம்மா’ன்னு கேட்டாரு. பதினோரு பேரும் வரிசையா நின்னுதான் பேசனோம். தெனம் காலைல பேரச் சொல்லித்தான கூப்புடறாங்க? அவருக்குத் தெரியாத பேரா?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேங்க்கா."

"எங்களுக்கு இல்லாத பயம் ஒனக்கு எதுக்குடி? பெரிய படிப்பு படிச்சவ, எங்க பயத்தையும் சேத்து நீயே பட்டுக்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதற்கும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இரண்டு பலகைகளை எடுத்துப் போட்டார்கள். பேர் கொடுக்கலாமா, வேண்டாமா? அம்மா எழுந்து மரத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். மகள் விஷயம் அவள் வூட்டு விஷயம். மீதிப் பத்துப் பேர் உருட்டினார்கள்.

வலது பலகையில் ஒன்பது. இடது பலகையில் ஒன்று, பிறை.

"ஏண்டி வேணாங்குற?" என்று கேட்டார்கள்.

"எங்க வூட்டுக்காரரு சவுதியில இருக்காரு இல்ல, அவரோட ஆளுங்களுக்கு நான் மண்ணு வேலை செய்யறது தெரியாது. ஆபீஸ்ல உக்காந்து பாக்கற வேலைன்னு சொல்லி வச்சிருக்குது. பொஸ்தகத்துல பேரு வந்தா எம் மாமியா என்னைப் பொழைக்க வுடாது."

"சரி, நியாயந்தான். நீ பெறையாவே இரு. மத்தவங்க பேரு குடுப்போம்" என்றாள் பெருக்கல் குறி அக்கா. அவ்வளவுதான். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றே இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, ஒன்பது பெயர்களோடு, இப்போது சம்மதித்துவிட்ட அம்மாவின் பெயரையும் சேர்த்துப் பத்துப் பெயர் எழுதி, பதினோராவது இடத்தில் பிறையை வரைந்து, ஏன் பெயர் இல்லை என்பதையும் எழுதி அனுப்பினேன். என் கோபத்தை நானே விழுங்கி எழுதிய கடிதம் அது. பாகற்காயைப் பச்சையாகத் தின்பதுபோல் இருந்தது. கெடு முடிய இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது.

பதில் மூன்றே வரி. ‘தங்கள் முந்தைய கடிதத்தைத் தங்கள் விலகலாக ஏற்று, குழு வேறொருவரைத் தேர்வு செய்துவிட்டது. மேலும், தாங்கள் இப்போது அனுப்பியுள்ள பட்டியலும் முழுமையாக இல்லை. சான்றொப்பமும் இல்லை.’

விருது ஏதோ ஒரு தூர நாட்டின் வெளியுறவுக் கொள்கை பற்றிய ஆய்வேட்டுக்குப் போனது. பிற்பாடு அதைத் தேடிப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வயிறு எரிகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அந்த மூன்று வரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் வேப்பமரத்தடிக்குப் போனேன். என் வாய்க்கொழுப்பால்தான் போச்சு, என்னைத் திட்டுங்கள் என்றேன். யாரும் திட்டவில்லை.

"அவங்க வாங்கலன்னா போவட்டும். பேரு குடுக்கறதுன்னு நாம முடிவு பண்ணியாச்சு இல்ல? அவங்க வாங்கலன்னா நம்ம முடிவு மாறிடுமா?" என்றாள் பெருக்கல் குறி அக்கா. "அந்த ஏடு இப்ப எங்க இருக்குது?"

"ஒண்ணு எங்க காலேஜ் நூலகத்துல இருக்குதுங்க்கா."

"சூள ஆறுற நாளைக்கி நமக்கு வேலை இல்ல. போவோம்."

சூளையை அணைத்தால் ஆறுவதற்கு நாளாகும், அதுவரை பிசிர் எடுப்பதற்கு வேலை வராது. அந்த வியாழக்கிழமை பதினொரு பேரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, மூன்று ஆட்டோவில் கல்லூரி வாசலில் வந்து இறங்கினார்கள். காவலாளி, "எந்தப் பொண்ணோட அம்மா நீங்க?" என்று கேட்டார். "எல்லாப் பொண்ணுக்குந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

நூலகர் கறுப்பு அட்டை போட்ட ஆய்வேட்டை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒட்டியிருந்த தாளில் எடுத்துப் படித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து நான்காம் இயலைப் புரட்டினார்கள். "தே, இது நான் சொன்னது." "இந்தக் கீறல ஏண்டி இவ்ளோ கோணலாப் போட்டிருக்க?" நூலகமே எங்களைப் பார்த்தது. இயலின் முதல் பக்கத்தில் பதினொரு கீறல்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரைந்திருந்தேன், பக்கத்தில் தாள் வெறுமையாக இருந்தது. பெருக்கல் குறி அக்கா என் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"புக்குல எழுதக் கூடாதும்மா" என்று நூலகர் ஓடி வந்தார்.

"எழுதக் கூடாதுன்னா, எங்களப் பத்தி எதுக்கு எழுதி வச்சிருக்கீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "பென்சில்லயாவது எழுதுங்கம்மா" என்றார்.

"பென்சில்னா நாளைக்கே அழிச்சிருவீங்க." தன் கீறலுக்கு நேரே முழுப் பேரை எழுதினாள். பேனா கை மாறிக் கை போனது. ஒருத்தி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி எழுதினாள். எழுதத் தெரியாத ஒருத்தி சொல்ல, பக்கத்தில் இருந்தவள் எழுத, அவள் அதன் மேல் தன் கீறலை அழுத்திப் போட்டாள். பேனா பிறை அக்காவிடம் வந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் வரைந்திருந்த பிறைக்கு நேரே அதைவிடப் பெரிதாக இன்னொரு பிறை போட்டுவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அவள் பேர் எனக்குத் தெரியும். இங்கேயும் எழுத மாட்டேன்.

கடைசியாக அம்மா. இரண்டு கோடு, நடுவில் புள்ளிக்கு நேரே, இன்ஷியலோடு தன் பேரை நிதானமாக எழுதினாள். பேனாவை மூடி என்னிடம் தந்துவிட்டு நூலகரிடம் திரும்பினாள்.

"சாரு, உங்ககிட்ட சீலு இருக்குது இல்ல?"

"இருக்குது. எதுக்கும்மா?"

"இவளுக்கு லெட்டரு போட்டவங்க, சான்று இல்லன்னு சொன்னாங்க. நாங்க பதினோரு பேரும் நேர்ல வந்து எழுதனத நீங்க பாத்தீங்க இல்ல? சீலப் போடுங்க."

நூலகர் எங்களை ஒருமுறை எண்ணினார். உதடு அசைவது தெரிந்தது. பிறகு மேசைக்குப் போய் நூலக முத்திரையை எடுத்துவந்து, மையில் ஒற்றி, அந்தப் பக்கத்தின் அடியில் ஓங்கிக் குத்தினார். ஊதா மை இரண்டு பக்கமும் பரவியது.

பட்டியல் கேட்டார்கள் இல்லையா? பெயர், கீறல், சான்று எல்லாம் அங்கே அந்த அலமாரியில் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.